சான் வாக்கின் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீரை எடுத்தால் தரை ஏன் தாழ்கிறது? நல்ல மழை பெய்தால் மீளுமா?

நீர்மட்டம் மீளலாம், தாழ்ந்த தரை பெரும்பாலும் மீளாது.

கலிஃபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் மணல், சரளை அடுக்குகளுக்கு இடையே தடித்த களிமண் படிவுகள் உண்டு. மேலுள்ள மண்ணின் பாரத்தில் ஒரு பங்கைத் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம் தாங்குகிறது. ஆழ்துளைக் கிணறுகள் இடைவிடாமல் இறைக்கும்போது அந்த அழுத்தம் குறைந்து, பாரம் துகள்கள்மேல் இறங்க, அவை நெருங்கிப் படிந்துவிடுகின்றன. மணல் ஓரளவு மீளும். களிமண் மீளாது, அது இழந்த நீர் தேக்கும் கொள்ளளவும் போனதுதான். பள்ளத்தாக்கிலுள்ள மெண்டோட்டா ஊர் அருகே 1925 முதல் 1977 வரை தரை ஏறத்தாழ 9 மீட்டர் இறங்கியது. ஃப்ரையன்ட்-கெர்ன் கால்வாயும் தரையோடு தாழ்ந்து, நீர் கடத்தும் திறனை இழந்தது.

வறட்சியில்தான் இறைப்பு உச்சம் தொடும். தக்காளி என்றால் ஓராண்டு பயிரிடாமல் விடலாம்; பாதாம் தோப்பை அப்படி விட்டால் மரம் பட்டுவிடும். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு: பண்ணைகள் மேலும் மேலும் ஆழம் போக, ஆழங்குறைந்த வீட்டுக் கிணறுகள்தான் முதலில் வற்றுகின்றன.

2014-இல் வந்த மாநிலச் சட்டம், மிக மோசமாக வற்றிய நிலத்தடி நீர்ப் படுகைகள் 2040-க்குள் நிலைபெற வேண்டும், அதாவது எடுப்பது ஊறுவதை மிஞ்சக்கூடாது என்கிறது. குளிர்கால வெள்ளத்தை வயல்களில் தேக்கி உள்ளிறங்க விடுவது நல்ல வழி, மணற்பாங்கான இடங்களில். மற்றபடி சாகுபடிப் பரப்பைக் குறைக்காமல் கணக்கு நேராகாது.