இறைச்சிச் சாற்று விளம்பரத்தில் ரோமானியத் தேவியர்

கேள்வி: பழம்பொருள் கண்காட்சி ஒன்றில் லீபிக் என்ற இறைச்சிச் சாற்றுக் கம்பெனியின் வண்ண அட்டைகளைப் பார்த்தேன். சிலவற்றில் ரோமானியத் தேவியர் இருந்தனர். இறைச்சிச் சாற்றுக்கும் தேவியருக்கும் என்ன தொடர்பு? யார் எந்தத் தேவி என்று எப்படி அறிவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சரக்குக்கும் படத்துக்கும் தொடர்பே கிடையாது. தோலுக்காக மாடுகளை அறுத்ததால் இறைச்சி மலிந்து கிடந்த உருகுவே நாட்டின் ஃபிரே பென்டோஸில், ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் வகுத்த முறைப்படி சாறு காய்ச்சி ஐரோப்பாவில் விற்பதற்கென்றே 1865-இல் லண்டனில் தொடங்கப்பட்ட கம்பெனி அது. ஒரு கிலோ சாற்றுக்கு ஏறத்தாழ 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. சாறு வாங்குவோருக்குக் கொடுக்கப்பட்ட இந்த அட்டைகள் 1870-களில் தொடங்கி 1975 வரை வெளிவந்தன. பெரும்பாலும் ஆறு அட்டைகள் ஒரு தொடர். சேர்க்கத் தொடங்கிய வீட்டார் வேறு கம்பெனிக்கு எளிதில் மாறமாட்டார்கள் என்பதே வியாபாரக் கணக்கு.

ஒரே படத்தை வைத்துக்கொண்டு, எழுத்தை மட்டும் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் என்று மாற்றி அச்சிட்ட கம்பெனிக்கு, லத்தீன் படித்த எந்த நாட்டுக் குடும்பத்துக்கும் தெரிந்த தேவியர் மிக வசதியாக அமைந்தனர். புராணம் என்ற பெயரில் ஆடை குறைந்த வீனஸும் கௌரவமான வீட்டுக் கூடத்துக்குள் நுழைய முடிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீணையைக் கண்டதும் சரஸ்வதி என்று நாம் சொல்வதைப் போல, இவர்களையும் கையிலும் காலடியிலும் இருப்பவற்றைக் கொண்டே அறியலாம். தலைக்கவசமும் ஈட்டியும் ஆந்தையும் இருந்தால் மினர்வா. மார்புக் கவசத்தில் பாம்புக் கூந்தலுடன் மெடூசாவின் முகம் தெரிந்தால் ஐயமே வேண்டாம். நெற்றியில் பிறை, கையில் வில், அருகில் வேட்டை நாய் என்றால் டயானா. மயிலுடன் இருப்பவர் ஜூனோ. புறாவோ சிப்பியோ வீனஸுக்கு உரியது. கோதுமைக் கதிரும் அரிவாளும் ஏந்தியவர் சீரிஸ். தானியத் தேவி மாட்டிறைச்சிக்கு விளம்பரமாவது வேடிக்கைதான்.

வாங்கும் எண்ணம் இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் செல்லுங்கள். அக்காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் கையால் புள்ளியிட்டு அச்சிட்டார்கள். 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகத்திலும் இதே கல்லச்சு முறைதான். ஆகவே பழைய அட்டையில் புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். சீரான வரிசையில் இருந்தால் அது பிற்கால மறுபதிப்பு.