ஆட்டோமேஷன் பயிற்சி: பத்து நாள் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் விரிவுரையாளராக இருக்கிறேன். இந்த விடுமுறையில் எங்கள் மூன்றாமாண்டு மாணவர்கள் முப்பது பேரை, அரசு ஐடிஐ ஒன்றில் வந்திருக்கும் புதிய தொழில்நுட்ப மையத்துக்குப் பத்து நாள் ஆட்டோமேஷன் பயிற்சிக்கு அழைத்துப்போகிறோம். போன வருடம் ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினோம். ஸ்லைடு போட்டுக் காட்டினார்கள். கடைசி நாள் ரோபோ பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு, சான்றிதழோடு திரும்பினார்கள். ஒரு சென்சாரை இணைக்கக்கூட யாருக்கும் தெரியவில்லை. பத்து நாளில் உண்மையில் என்னதான் சொல்லிக்கொடுக்க முடியும்? இன்னொன்று, "டிப்ளமோ படிக்கிற நாங்கள் ஐடிஐக்குப் போய்ப் படிப்பதா?" என்று சில மாணவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிஎல்சி, அதாவது ஆலை இயந்திரங்களை நிரல் வழியாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, எப்படிப் பிறந்தது என்பதை அந்த மாணவர்களுக்குச் சொல்லுங்கள். 1968-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கியர்பாக்ஸ் தயாரிக்கும் பிரிவு ஒரு புதிய கருவி வேண்டுமென்று கேட்டது. உற்பத்தி மாறும்போதெல்லாம் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பேனல்களைப் பிரித்து மறுபடி ஒயரிங் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஆன செலவும் நேரமும் தாங்கவில்லை. டிக் மோர்லி என்ற பொறியாளரின் குழு கொண்டுவந்த மோடிகான் 084 என்ற பிஎல்சி அதற்கு விடையாக அமைந்தது. அதில் ஏணி போலத் தெரியும் லேடர் படத்தை நிரல்மொழியாக வைத்தார்கள். ஆலையில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன்கள், ரிலே படத்தைப் பார்க்கிற அதே கண்ணோடு இதையும் படித்துவிட வேண்டும் என்பதற்காக. எலக்ட்ரீஷியனை மனதில் வைத்து உருவான ஒரு கருவியைப் படிக்க ஐடிஐயை விடப் பொருத்தமான இடம் எது? அதோடு, 2022-ல் டாடா டெக்னாலஜீஸுடன் ஒப்பந்தம் போட்டு, 71 அரசு ஐடிஐகளைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் தரம் உயர்த்தும் வேலையைத் தமிழக அரசு தொடங்கியது. பல பாலிடெக்னிக் லேப்களில் கண்ணில்கூடப் படாத கருவிகள் இன்று அங்கே இருக்கின்றன. கூச்சப்படாமல் போகச் சொல்லுங்கள்.

இனி பத்து நாள் விஷயம். ஜெர்மனியில் மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்தது) தொழிற்பயிற்சி மூன்றரை ஆண்டு, அதிலும் பெரும்பகுதி ஆலைக்குள்ளேயே. பத்து நாளில் அந்த அளவுக்கு யாரும் தேற முடியாது. ஆனால் ஓடாமல் நிற்கும் ஒரு இயந்திரத்தின் முன்னால் போய், மல்டிமீட்டரை எடுத்து, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரிந்த ஆளாக ஆக்கிவிடலாம். அந்த நாட்களை முழுக்கப் பழுது கண்டுபிடிப்பதைச் சுற்றியே அமைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஒரு உதாரணம். ஸ்டார்ட் பட்டன், ஸ்டாப் பட்டன், ஒரு மோட்டார். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது. ஸ்டாப் பட்டனை என்.சி.யாக, அதாவது அழுத்தாதபோது இணைப்பு மூடியிருக்கும்படி ஒயர் செய்வது வழக்கம். மாணவர் நிரலிலும் அதே என்.சி. குறியைப் போடுவார். மோட்டார் கிளம்பவே கிளம்பாது. அழுத்தாத பட்டன் வழியாக 24 வோல்ட் எப்போதும் பிஎல்சி இன்புட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, அதனால் நிரலில் என்.ஓ. (அழுத்தாதபோது இணைப்பு திறந்திருப்பது) குறிதான் வர வேண்டும் என்று புரிய ஒரு முழு மதியம்கூடப் போகலாம். போகட்டும். புரிந்தபின் மோட்டார் ஓடும்போதே அந்த ஸ்டாப் ஒயரை டெர்மினலிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். மோட்டார் நின்றுவிடும். அடுத்து, ஸ்டாப் பட்டனை என்.ஓ.வாக மாற்றி ஒயர் செய்து, நிரலையும் அதற்கேற்பத் திருத்தி, மறுபடி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போது மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது. அந்த மோட்டாரில் ஒருவர் கை மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் தனியாக வகுப்பெடுக்கத் தேவையில்லை.

சென்சாரும் அப்படித்தான். பிரவுன் ஒயருக்கு பிளஸ் 24, நீலத்துக்கு பூஜ்யம், கறுப்பு சிக்னல். சென்சாரின் விளக்கு எரியும், பிஎல்சி இன்புட் விளக்கு எரியாது. உடனே மாணவர்கள் லேப்டாப்பைத் திறந்து நிரலை மாற்ற ஆரம்பிப்பார்கள். பிஎன்பி சென்சாருக்கான (சிக்னலாக 24 வோல்ட் தருவது) இன்புட் கார்டில் யாரோ என்பிஎன் சென்சாரை (சிக்னல் ஒயரைப் பூஜ்யத்துக்கு இழுப்பது) மாட்டியிருப்பார்கள். மீட்டரை வைத்துக் கறுப்பு ஒயரில் என்ன வருகிறது என்று பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை. காற்றழுத்தத்தில் இயங்கும் சிலிண்டரின் மேல், அது எங்கே நிற்கிறது என்று சொல்லும் ரீட் சுவிட்சைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலும் போதும், சிலிண்டர் போய் முட்டி நிற்கும், அடுத்த ஸ்டெப் வராது. இப்படிப்பட்ட பழுதுகளைப் பயிற்றுநர் தினமும் வேண்டுமென்றே வைக்க வேண்டும். காற்றை மூடி, லைனில் மிச்சமிருப்பதை வெளியேற்றாமல் எந்தக் குழாயையும் கழற்றக் கூடாது என்பதை மட்டும் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆறு பார் அழுத்தம் விளையாட்டில்லை.

போவதற்கு முன் மையத்தில் பேசும்போது, எத்தனை பயிற்சி கிட் இருக்கிறது என்று கேளுங்கள். முப்பது பேருக்கு ஆறு கிட் என்றால், ஒருவர் லேப்டாப்பில் உட்காருவார், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். பாதிப் பேரைப் பேனல் ஒயரிங்குக்கு, ஒயர் நுனியில் லக் வைத்து அழுத்தி கிரிம்ப் செய்வதற்கு, சர்க்யூட் படம் பார்த்து ஒயர் எண் போடுவதற்கு அனுப்பி, மீதிப் பேரைக் கிட்டில் நிறுத்தி, மதியம் மாற்றிவிடுங்கள். பெண்களிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பையன்கள் எடுத்துக்கொள்வது எல்லா லேபிலும் நடக்கிறது. அதை நீங்கள் நேரில் நின்று தடுக்க வேண்டும். ஒயரைக் கழற்றி மாட்ட விடமாட்டோம், கிட் கெட்டுவிடும் என்று மையத்தில் சொன்னால், அங்கே போவதில் பயனில்லை. ரோபோவுக்கு அரை நாள் தாராளம். ஒரே ரோபோவை முப்பது பேர் சுற்றி நின்று பார்ப்பது கண்காட்சிதான்.

லேடர் எழுதிப் பழகுவதைக் கல்லூரியிலேயே முடித்துவிடுங்கள். கோடிசிஸ், ஓப்பன்பிஎல்சி என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன, சாதாரணக் கணினியில் ஓடும். இயந்திரம் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டு மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்காருவது வீண்.

கடைசி நாள் தேர்வையும் இதே வழியில் வையுங்கள். இரண்டிரண்டு பேராக, பழுது வைத்த ஒரு கிட், ஒரு மீட்டர், அரை மணி நேரம். எதை முதலில் பார்த்தோம், ஏன் பார்த்தோம் என்று அவர்கள் தமிழிலேயே எழுதட்டும். தேதி முடிவானதும் எழுதுங்கள், வைக்கக்கூடிய பழுதுகளின் பட்டியல் ஒன்று தயாரித்து அனுப்புகிறேன்.

அன்புடன்.