பவரில் 'இர்ரிவோக்கபிள்' என்று எழுதினால் போதுமா?

கேள்வி: வீட்டுமனைக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். கிரயம் செய்யாமல், என் பெயருக்கு 'இர்ரிவோக்கபிள் ஜெனரல் பவர்' (பொது அதிகாரப் பத்திரம்) பதிந்து தந்திருக்கிறார்கள். உரிமையாளருக்கு வயது 78. "இந்த வார்த்தை இருந்தால் யாராலும் ரத்து செய்ய முடியாது, கிரயம் மாதிரிதான்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே அவர் கையாலேயே கிரயப் பத்திரம் எழுதி வாங்கிவிடுங்கள்.

கொடுத்த அதிகாரத்தையோ அனுமதியையோ கொடுத்தவரே திரும்பப் பெற முடியாது என்பதுதான் 'இர்ரிவோக்கபிள்' என்ற சொல்லின் பொருள். முடிவு, நன்கொடை, உத்தரவு போன்றவற்றோடுதான் அது சேரும். பழுதான சிறுநீரகத்தை டாக்டர் 'இர்ரிவர்சிபிள்' (பழைய நிலைக்குத் திரும்பாதது) என்பார், இர்ரிவோக்கபிள் என்று சொல்லமாட்டார். ஏற்றுமதிக்காரர்கள் கேட்டு வாங்கும் வங்கி எல்.சி.யிலும் (பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) இது வரும். அங்கே எல்.சி.களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான யூ.சி.பி. 600 விதியே காவல். சொல்லை எழுதாமல் விட்டாலும் பணம் பெற வேண்டியவர் சம்மதிக்காமல் எல்.சி.யை ரத்து செய்ய முடியாது.

பவரில் அந்தக் காவல் தானாக வராது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆவது பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ புத்தி பேதலித்தாலோ பவர் முடிந்துவிடும். இதற்கு விலக்கு 202-ஆவது பிரிவு: அந்தச் சொத்திலேயே ஏஜெண்டுக்கு, அதாவது பவர் வாங்கியவருக்கு, சொந்தப் பாத்தியதை இருந்தால், அதைக் கெடுக்கும்படி பவரை முடிக்க முடியாது. சட்டமே தரும் உதாரணம் இது: நிலத்தை விற்று, எனக்கு வரவேண்டிய கடனை அதில் எடுத்துக்கொள்ளும்படி கடன்பட்டவர் எனக்கு அதிகாரம் தருகிறார். அவர் இறந்தாலும் அது நிற்கும். ஆனால் விற்றுத் தந்தால் கமிஷன் கிடைக்கும் என்பது பாத்தியதை ஆகாது.

உங்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். 'நேரில் வந்து கவனிக்க இயலாததால்' என்று தொடங்கி, 'இந்தப் பவருக்காகப் பிரதிபலன் ஏதும் பெறவில்லை' என்று இருக்கிறதா? முத்திரைத் தீர்வை கூடாமலிருக்க எழுத்தர்கள் சேர்க்கும் வரி அது. நீங்கள் கொடுத்த பணத்தை உங்கள் பத்திரமே மறுக்கிறது! பக்கத்திலேயே 'இர்ரிவோக்கபிள்' என்றும் அடித்திருப்பார்கள். இரண்டும் ஒரே தாளில் எப்படி நிற்கும் என்று பதிவின்போது யாரும் கேட்பதில்லை. முத்திரையும் கட்டணமும் சரியாக இருந்தால் பதிந்துவிடுகிறார்கள். அவதிப்படுவது வாங்கியவர்தான்.

பெங்களூரு மனை ஒன்றில் இதுதான் நடந்தது. 1986-இல் ஒப்பந்தமும் பவரும் எழுதினார்கள். உரிமையாளர் 1997-இல் இறந்தார். பவர் வைத்திருந்தவர் 1998-இல் தன் மகனுக்குக் கிரயம் செய்தார். அந்தக் கிரயம் செல்லாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல்லை மட்டும் எழுதிவிட்டால் பவர் ரத்தாகாததாகிவிடாது, பத்திரத்தின் உள்ளடக்கமே முக்கியம் என்றது. பவரால் சொத்துரிமை மாறாது என்பதை 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கிலேயே சொல்லியாயிற்று. அப்படியும் புரோக்கர்கள் விடுவதாயில்லை. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அந்த 9 சதவீதத்தை மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்லித்தான் பவரைத் தலையில் கட்டுகிறார்கள். அதே மனைக்கு அவர்கள் இன்னொருவரிடமும் முன்பணம் வாங்கியிருக்கலாம். ஆகவே இன்றைய தேதி வரை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பழைய பவர்கள் பதிவு அலுவலகத்தின் நான்காம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் பதிவானவை, வில்லங்கத்தில் தெரியாது. உரிமையாளரிடமே நேரில் கேளுங்கள்.

பணம் கொடுத்த ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல் எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள். கிரயம் செய்ய அவர் மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் கெடு இருந்தால் அந்தத் தேதியிலிருந்தும், இல்லாவிட்டால் அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்தும் 3 ஆண்டுக்குள் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போட வேண்டும். புரோக்கரின் சமாதானப் பேச்சில் அந்தக் கெடுவை ஓடவிடாதீர்கள்.