வெள்ளைப் புகை வருகிறது, வாயு வரவில்லை

கேள்வி: பழைய டிரம்மையும் இரும்புக் குழாயையும் வெல்டிங் செய்து ஒரு விறகு கேஸிஃபயர், அதாவது விறகிலிருந்து எஞ்சினை ஓட்டும் எரிவாயுவை எடுக்கிற அடுப்பு, கட்டியிருக்கிறேன். காற்று மேலிருந்து கீழே இறங்குகிற வகை, கடைசியில் ஒரு ஃபேன் இழுக்கிறது. அடர்ந்த வெள்ளைப் புகைதான் வருகிறது, பற்றவைத்தால் சில விநாடியில் அணைந்துவிடுகிறது. எஞ்சினில் இணைத்துப் பார்த்ததில் வால்வு முழுக்கப் புகையோடு வரும் பிசுபிசுப்பான தார் ஒட்டிவிட்டது. இன்னும் பெரிய ஃபில்டர் வைக்கலாமா?

பதில்: ஃபில்டரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தாரை நெருப்புக்குள்ளேயே உடைத்தாக வேண்டும், அங்கே தப்பித்துவிட்டால் வைக்கோல், துணி என்று எதை அடைத்தாலும் கொஞ்ச நேரத்தில் அதுவும் நனைந்து பிசுபிசுத்துவிடும்.

முதல் சந்தேகம் விறகின் மேல்தான். கையில் பிடித்தால் காய்ந்த மாதிரியே இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். 100 கிராம் துண்டுகளை எடுத்து, 105 டிகிரி சூட்டில் எடை குறைவது நிற்கும்வரை உலர்த்துங்கள். 80 கிராமுக்குக் கீழே போனால் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல், அந்த விறகு வேண்டாம். வாயு உருவாவது அடியில் தணலாகக் கிடக்கும் கரியில். மேலே எரிந்து வந்த கரியமில வாயுவும் நீராவியும் அந்தக் கரியோடு சேர்ந்துதான் கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகின்றன, இந்த மாற்றம் சூட்டை விழுங்கும் வேலை. ஈரமும் சேர்ந்து சூட்டை விழுங்கினால் தணல் மங்கிவிடும், நீங்கள் பார்க்கிற வெள்ளைப் புகை அப்படி மாறாமலே வெளியேறுகிற நீராவியும் தாரும்தான்.

அடுத்து கழுத்து. காற்றுக் குழாய்களுக்குக் கீழே குறுகலான வாய் வைத்தீர்களா? அது இல்லையென்றால், அல்லது எஞ்சினுக்குத் தேவையானதைவிட அகலமாக இருந்தால், நடுவில் மட்டும் எரியும், ஓரமாக இறங்குகிற புகை நெருப்பையே தொடாமல் போய்விடும். பெரிதாகக் கட்டினால் நிறைய வாயு வரும் என்று நினைக்கிறோம், ஆனால் சின்ன எஞ்சின் மெதுவாக இழுக்கும்போது பெரிய அடுப்பு குளிர்ந்துதான் போகும். அப்புறம், முதல் தடவை பற்றவைக்கும்போது கழுத்துக்குக் கீழே விறகு போடாதீர்கள், அடியில் கரியைத் தாங்கும் சல்லடையிலிருந்து காற்றுக் குழாய் மட்டம்வரை மரக்கரியை நிரப்பி, அதன்மேல் விறகைப் போடுங்கள்.

ஃபேன் உறிஞ்சுவதால் ஓட்டை இருந்தாலும் புகை வெளியே தெரியாது. வெளிக்காற்று உள்ளே போய், உருவான வாயுவை அங்கேயே எரித்துவிடும். அடுப்பு ஆறியிருக்கும்போது உள்ளே காற்றை ஊதி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

இதெல்லாம் சரியானதும் எரிகுழாயை (வாயுவை எரித்துப் பார்க்கிற வெளிக்குழாயை) பற்றவைக்கும் முன் ஒரு வெள்ளைத் துணியை நீளமான கம்பியில் கட்டி, தள்ளி நின்று வாயுவில் காட்டுங்கள். பழுப்பாக ஒட்டினால் தார் இன்னும் இருக்கிறது. காய்ந்த சாம்பல் தூசி மட்டும் படிந்து, சுடரும் விடாமல் நின்று எரிந்தால் மட்டுமே எஞ்சினில் இணையுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், கூரைக்குக் கீழே இதை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலைவலி என்று உட்காரும்போதே ஆள் மயங்கிவிடுவார். விறகு போட மூடியைத் திறக்கும்போது முகத்தை விலக்கியே வையுங்கள், உள்ளே காற்று கலந்ததும் குப்பென்று பற்றும்.