கலை வரலாறு முதுகலைமாணிக்குக் கோட்பாடும் முறையியலும் உண்மையிலேயே தேவையா?

நம் சிலைகளைப் படிக்க ஐரோப்பியர் எழுதிய கோட்பாடு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக நீங்களும் வார நாளில் கந்தோர், சனி ஞாயிறு விரிவுரை என்று ஓடுகிறவராக இருப்பீர்கள். எனக்கும் அந்தக் களைப்பில்தான் இதே கேள்வி வந்தது.

தேவை. ஆனால் எனக்கு அதை விளங்கவைத்தவர் என் பெரியப்பா.

முதல் ஒப்படைக்குக் கொழும்பு நூதனசாலையில் இருக்கிற பொலன்னறுவைச் செப்புத் திருமேனிகளில் ஒரு அம்மனை எடுத்தேன். கலை வடிவத்தை ஆராய்ந்த சுவிஸ் கலை வரலாற்றாசிரியர் வொல்ஃப்லின் 1915இல் எழுதிய ஐந்து சோடிக் கருத்துகளையும் (கோட்டுத்தன்மைக்கு எதிர் வண்ணத்தன்மை, மூடிய வடிவத்துக்கு எதிர் திறந்த வடிவம் என்று போகும்) மனப்பாடம் செய்து, இடுப்பு வளைவைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதினேன். 16ஆம், 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலையை ஒப்பிட்டுப் பிறந்த கருத்துகள் அவை என்பதை யோசிக்கவேயில்லை.

பெரியப்பா கொழும்புச் செட்டியார் தெருக் கோயிலில் பல வருடம் ஆடிவேல் என்ற முருகன் ஊர்வலத் திருவிழாவுக்கு நின்றவர். ஒருநாள் என்னோடு வந்தார். நான் வளைவைக் காட்ட, அவர் குனிந்து பீடத்தைப் பார்த்தார். "பிள்ளை, உந்த ஓட்டையைப் பார்த்தியா? இதுக்குள்ளதான் கயிறு போட்டு வாகனத்தில இறுக்கிறது. பட்டும் மாலையும் சாத்தினாப் பிறகு முகமும் கையும்தான் தெரியும்."

நான் நாலு பக்கம் எழுதிய வளைவு வீதியில் நின்று கும்பிட்ட சனத்துக்குத் தெரிந்தே இருக்காது! அபிஷேகம் செய்த குருக்கள் பார்த்திருப்பார், வார்த்த ஸ்தபதி பார்த்திருப்பார். அப்படியென்றால் அந்த வளைவு யாருக்காக? இந்தக் கேள்வியை வொல்ஃப்லின் கேட்கவில்லை. படங்களின் பொருளை ஆராய்ந்த கலை வரலாற்றாசிரியர் பனோஃப்ஸ்கி 1939இல் சொன்ன மூன்று படிகளும் உருவம், கதை, அதற்கடியில் கிடக்கிற காலத்தின் மனப்பாங்கு என்று பொருளைத் தேடுகின்றன. தூக்கிக்கொண்டு போனவரின் தோளைத் தேடவில்லை. எந்த முறை எதைக் காணாமல் விடுகிறது என்று தெரிவதற்காவது அவர்களை ஒழுங்காகப் படிக்கத்தான் வேண்டும்.

"ஐரோப்பியரைத் தூக்கி எறி" என்று நான் சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இதே நூதனசாலைச் செப்புத் திருமேனிகள் பற்றி 1914இலேயே புத்தகம் போட்டவர். அவர் ஐரோப்பியரையும் நம் மரபையும் படித்தவர். அதேபோல "கோயில்காரருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றும் நான் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கு அந்தத் திருமேனியின் காலம் தெரியாது.

    

ஒப்படையைத் திரும்பவும் பீடத்திலிருந்து எழுதினேன். நீங்களும் வாசிப்புப் பட்டியலைத் திறக்க முதல் ஒரு பொருளைத் தெரிவு செய்து, அதன் அடியையும் முதுகையும் பாருங்கள். அதைக் கையாண்ட ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.