முகநூல் பதிவுகளை வைத்து ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பதைக் கணினி கண்டுபிடிக்குமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் அது மருத்துவர் சொல்லும் முடிவு ஆகாது.

2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கு வந்த 683 பேர் தங்கள் முகநூல் பதிவுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் பார்க்க ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 114 பேருக்கு மனச்சோர்வு பதிவாகியிருந்தது. அது மருத்துவக் குறிப்பில் ஏறுவதற்கு முன் எழுதியதை மட்டும் கணினிக்குக் கொடுத்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்களின் பதிவுகளில் அழுகை, வலி, தனிமை பற்றிய சொற்களோடு 'நான்', 'எனக்கு' என்பவையும் அதிகம் வந்தன. உள்ளே வலிக்கும்போது மனம் தன்னையே சுற்றிவருகிறது. எனக்கு இது நெஞ்சைத் தொட்ட விஷயம். கணினியின் கணிப்பு, மனச்சோர்வைக் கண்டறிய வழக்கமாகத் தரும் கேள்வித்தாள் சோதனை அளவுக்கு இருந்தது. அதாவது, அதைப் போலவே இதிலும் தவறு நிறைய.

சரி, தமிழில்? 'நேத்து முழுக்க தூங்கல' என்று எழுதினால் 'நான்' எங்கே இருக்கிறது? 'அழுதேன்' என்றால் அது விகுதிக்குள் ஒளிந்திருக்கும். ஆங்கிலத்துக்குச் செய்த கருவியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. 'செத்துட்டேன்டா' என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறவர்களும் நம்மிடம் உண்டு.

அப்புறம், சம்மதம். 2014-ல் பிரிட்டனில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு, ட்விட்டரில் ஒருவர் மனமுடைந்து எழுதினால் அவரைப் பின்தொடர்பவருக்கு எச்சரிக்கை அனுப்பும் செயலியைக் கொண்டுவந்தது. எழுதியவருக்கே அது தெரியாது. எதிர்ப்பு கிளம்பி, இரண்டு வாரத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனாலும் நிறுத்தியது சரி என்றே நினைக்கிறேன். நண்பரின் பதிவு உங்களை உறுத்தினால் கருவியைத் தேடாதீர்கள், அவருக்குப் போன் செய்யுங்கள்.