நுகர்வோர் கேள்வி-பதில்: காவல் துவக்கை எத்தனை நாளைக்கு ஒருமுறை துடைப்பது?

கேள்வி (வெல்லாவெளி): வயல் காவலுக்கு உரிமத்தோடு 12 போர் ரக ஒற்றைக்குழல் துவக்கு இருக்கிறது. ஆனைக்கும் பன்றிக்கும் வருடத்தில் பத்துப் பதினைந்து வெடிதான். அறுவடை முடிந்து ஒருதரம் துடைத்து வைத்தால் போதாதா?

பதில்: போதாது. வெடியை எண்ணிக் கணக்குப் போடுவதால்தான் நம் பகுதியில் நல்ல துவக்குகள் கெடுகின்றன. நீங்கள் கணக்கெடுக்க வேண்டியது காற்றின் ஈரத்தை. இப்போது வரும் தோட்டாவின் மருந்து தானாக இரும்பை அரிப்பதில்லை. ஆனால் வெடித்த பின் உள்ளே படியும் புகைக்கரி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில், வட்டையில், அதாவது வயல்வெளியில், பரணுக்கும் வாடிக்கும் போய்வரும் துவக்கில் ஒரே இரவில் செம்புள்ளி விழுந்துவிடும்.

ஆகவே ஒரு வெடி வைத்தாலும் அன்றே துடையுங்கள். மழையிலோ பனியிலோ நனைந்தால், வெடி வைக்காவிட்டாலும் அன்றே. ஐப்பசியிலிருந்து தை முடியும்வரை, சும்மா கிடக்கும் துவக்கையும் வாரம் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கச்சான் எனும் மேற்குக் காற்று அடிக்கும் வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை போதும். வீடு கல்லாறு, திருக்கோவில், பொத்துவில் போலக் கடலோரமென்றால் அதையும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஆக்குங்கள், உப்புக்காற்றுக்கு வெயில் காலம் மழைக் காலம் என்று கிடையாது.

கேள்வி (வவுணதீவு): முறையாகச் சுத்தம் செய்ய என்னென்ன வாங்க வேண்டும்? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: 12 போர் அளவுக்கான துடைப்புக் கோல், அதன் நுனியில் பூட்டும் வெண்கலக் கம்பிப் பிறஷ், துணி பிடிக்கும் முனை, கரி கரைக்கும் திரவம், துவக்கு எண்ணெய், பழைய பருத்திச் சாரத்தில் வெட்டிய துண்டுகள். இவ்வளவுதான். குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர், பிறஷ் அதற்குள் இறுக்கமாகப் போக வேண்டும். தளர்வாகப் போகும் பிறஷ் வாங்கினால் காசு வீண். உருக்குக் கம்பிப் பிறஷ் வேண்டவே வேண்டாம், அது குழலைக் கீறும்.

முதலில் தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். துவக்கை மடித்துத் திறந்து, தோட்டா அறை வெறுமையா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு குழலின் அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலைப் பிரித்தெடுங்கள். கோலை எப்போதும் தோட்டா அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு பின்னுக்கு வந்து சேரும். உலர்ந்த துணி ஒருதரம். பிறகு திரவத்தில் நனைத்த துணி, பத்து நிமிடம் ஊறல். அதன்பின் பிறஷ் பத்துத்தரம் முழு நீளத்துக்கும் போய்வரட்டும்.

கூடுதலாகத் தேய்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று தோட்டா அறையும் அதற்குச் சற்று முன்னே குழல் ஒடுங்கும் இடமும். மற்றது வாயோரத்து ஒடுக்கம், அதாவது சோக். தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்ரிக் கிண்ணம் உரசிப் போவதால் இந்த இடங்களில் மெல்லிய படலம் ஒட்டும். பளபளவென்று தெரிவதால் சுத்தம் என்று நினைத்து விடுவார்கள், துரு அதன் அடியில்தான் தொடங்கும்.

தோட்டா அறையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். அங்கே துரு குழி விழுந்தால் வெடித்த கோது, அதாவது தோட்டாவின் வெற்று உறை, அறைச் சுவரோடு பிடித்துக்கொள்ளும், அதை வெளியே இழுக்கும் கொளுக்கி விளிம்பைக் கிழிக்கும், பிறகு கத்தி கொண்டு நெம்ப வேண்டி வரும்.

உலர்ந்த துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவிய துணியை ஒருதரம் ஓட்டுங்கள். மடிப்புக் கீலுக்குக் கடுகளவு கிறீஸ். விசைப் பகுதிக்கு ஒரு சொட்டுக்கு மேல் விடக் கூடாது. கூடினால் எண்ணெய் தோளில் அணைக்கும் பிடங்கின் மரத்துக்குள் இறங்கி, மரம் மெத்தென்று ஆகி, திருகாணி பிடிக்காமல் ஆட்டம் காணும். எண்ணெய் கூடிவிட்டதென்றால் ஓரிரவு வாய் கீழே இருக்கத் துணிமேல் நிறுத்துங்கள்.

அடுத்த முறை காவலுக்குக் கொண்டுபோகும் முன் உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும். எண்ணெய் பூசிய தோட்டா அறையில் கோது சுவரைப் பற்றாது, வெடியின் உதை நேராகக் குழலை மூடிப் பிடிக்கும் பூட்டின்மேல் விழும்.

கேள்வி (சம்மாந்துறை): துவக்கு எண்ணெய் கிடைப்பதில்லை. தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40, எஞ்சின் ஒயில், எது பரவாயில்லை?

பதில்: தையல் மெஷின் எண்ணெய். நிறமற்ற, மெல்லிய கனிம எண்ணெய் அது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகையில் உறையும். தை மாத விடியலில் போத்தலுக்குள் கட்டியாகிறதே, அதுவே விசைக்குள்ளும் நடக்கும். நாள்பட்டால் காறிப் புளித்து அமிலமாகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டுவதற்கு நல்லது. மழையில் நனைந்த துவக்குக்கு முதலில் அடிக்கலாம், ஆனால் துடைத்துவிட்டு மேலே எண்ணெய் பூசியே ஆக வேண்டும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவும், பிறகு ஆவியாகி இரும்பை வெறுமையாக விட்டுப் போகும். கழித்த எஞ்சின் ஒயிலில் அமிலமும் இரும்புத் தூளும் இருக்கும், தொடாதீர்கள்.

பெயர்ச்சீட்டில்லாத போத்தலில் ‘துவக்கு எண்ணெய்’ என்று விற்றால் வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

கேள்வி (கிரான்): றெக்சின் உறையில் போட்டுச் சுவரோரம் சாத்தி வைக்கிறேன். பூச்சி போகாமல் குழல் வாயில் துணியும் அடைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: மூன்றும் தவறு. உறை வழியில் கொண்டுபோக மட்டும். வீட்டில் அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். பொலித்தீன் அதைவிடக் கெடுதல். கல் சுவர் மாரியில் கசியும். பூட்டிய மரப்பெட்டியிலோ அலுமாரியிலோ, சுவரில் படாமல், ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு வையுங்கள். தோட்டாவுக்கு வேறு பூட்டு.

வாயில் அடைத்த துணிதான் இதில் உயிர் ஆபத்து. இருட்டில் அவசரமாக எடுத்து அப்படியே வெடி வைத்தால் குழல் வெடிக்கும். துணி இல்லாவிட்டாலும், குளவி சில நாளில் உள்ளே மண்கூடு கட்டிவிடும். வரம்பில் வழுக்கி விழுந்தால் சேறு போகும். ஆகவே தோட்டா போடும் முன் ஒவ்வொரு முறையும், குழலைத் திறந்து பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். வெடி ‘பொசுக்’கென்று மெலிந்து கேட்டாலும் அடுத்த தோட்டாவைப் போடாதீர்கள், முந்திய தோட்டாவுக்குள் இருந்த அடைப்பு நடுக்குழலில் நிற்கக்கூடும். விசை அழுத்தியும் வெடிக்காவிட்டால் ஆளில்லாத பக்கம் பிடித்தபடி 30 விநாடியாவது பொறுத்துத் திறவுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): உறவினரின் பழைய துவக்கை அனுமதியோடு வாங்க இருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உரிமம் மாற்றும் அனுமதி கையில் வரும்வரை பணமும் துவக்கும் கைமாறக் கூடாது. பிறகு தோட்டா அறையின் நீளம். பழைய துவக்குகள் பலவற்றில் அது 65 மில்லிமீற்றர், இன்று பெரும்பாலும் கிடைப்பது 70 மில்லிமீற்றர்த் தோட்டா. உள்ளே போகிறதே என்று நம்பாதீர்கள். அந்த அளவு வெடித்து விரிந்த கோதினுடையது. தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னுள்ள ஒடுக்கத்துக்குள் நீண்டு அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்த அளவைப் படியுங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற திருத்துநரிடம் அளக்கக் கொடுங்கள்.

குழலுக்குள் ஒளி வளையம் வளையமாகத் தெரியும். வளையம் எங்காவது நெளிந்தால் அங்கே நசுக்கம் இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டிய நிலையில் குழலை ஆட்டிப் பாருங்கள். கடகடத்தால் கீல் தேய்ந்திருக்கிறது, திருத்தும் செலவைக் கேட்ட பிறகே விலை பேசுங்கள்.